மூக்குச் சொட்டில் மூளைக்கு நேராகப் போகுமா நானோ மருந்து?

கேள்வி:

"புளியரை பக்கத்திலிருந்து எழுதுகிறேன் மேடம். என் அக்காவுக்கு 47 வயது. போன வருடம் திடீரென்று வலிப்பு வந்து, திருவனந்தபுரத்தில் காட்டியதில் மூளையில் கட்டி என்றார்கள். கிளியோபிளாஸ்டோமா, நான்காம் கிரேடு. ஆபரேஷன், ரேடியேஷன், டெமோசோலோமைடு மாத்திரை எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தாள். இப்போது எம்.ஆர்.ஐ.யில் அதே இடத்தில் மறுபடி தெரிகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்தில் 'நானோ தங்கச் சொட்டு' தருகிறார்கள். மூக்கில் விட்டால் நேராகக் கட்டிக்கே போய்விடுமாம். வெளிநாட்டு ஆராய்ச்சி மருந்து, மூன்று மாதத்துக்கு நாலரை லட்சம் என்கிறார்கள். தொடங்கும்போது இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கள் சித்திக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தபோது டாக்டரே நானோ மருந்து ஏற்றினார், சித்தி தேறிவிட்டார். சித்திக்கு வேலை செய்தது அக்காவுக்குச் செய்யாதா? கட்டி திரும்பி வந்ததை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?"

பதில்:

தம்பி, அந்த நாலரை லட்சத்தைக் கட்டாதீர்கள். அதைவிட அவசரமானது, அக்கா சாப்பிட்டுவரும் மாத்திரைகளில் ஒன்றைக்கூட அந்த நிலையத்தின் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே இதைத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே வாக்குறுதியைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற குடும்பங்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அக்காவின் மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரைகள் இருக்கின்றன. ஒன்று டெக்ஸாமெத்தசோன். கட்டியைச் சுற்றி மூளையில் வரும் வீக்கத்தை அதுதான் அடக்கி வைத்திருக்கிறது. வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் வீக்கம் ஏறி, தலைவலியும் வாந்தியும் மயக்கமும் வரலாம். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் அதற்குள் குறைந்துபோயிருக்கும் என்பதால் ரத்த அழுத்தமும் இறங்கிவிடலாம். அதை டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று வலிப்புக்கான லெவெடிராசெட்டம். அதைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வந்து நிற்காமல் போகிற ஆபத்து உண்டு. 'நானோ மருந்து வேலை செய்ய வேண்டுமானால் மற்றதை நிறுத்து' என்று சொன்னவர் இந்த இரண்டில் எதைப் பற்றியும் கேட்டிருக்க மாட்டார். அவரிடம் மருந்து வாங்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி சித்தி விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த கேள்வி அதுதான். நியாயமான கேள்வி.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் கீமோ மருந்து கலக்கும் அறையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சித்திக்கு ஏற்றியது பெரும்பாலும் லைப்போசோமல் டாக்ஸோரூபிசினாக இருக்கும். சினைப்பைப் புற்றுநோயில் நாங்கள் அடிக்கடி கலக்கும் மருந்து அது. சாதாரண டாக்ஸோரூபிசின் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் தெளிந்த சிவப்பு, மறுபக்கம் தெரியும். லைப்போசோமல் மருந்தும் சிவப்புதான், ஆனால் கலங்கலாக இருக்கும். அந்தக் கலங்கலுக்குக் காரணம், மருந்தை உள்ளே வைத்து மூடிய கொழுப்பு உருண்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நானோமீட்டர். ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனே 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் இருக்கும். இந்த மருந்தை உப்புநீரில் கலக்கக் கூடாது, 5 சதவீத குளுக்கோஸ் நீரில்தான் கலப்போம். முதல் சில நிமிடங்கள் மிக மெதுவாக ஏற்றி, மூச்சுத் திணறலோ முகம் சிவப்பதோ வருகிறதா என்று நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார்.

இதில் புது மருந்து எதுவும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். டாக்ஸோரூபிசின் பழைய மருந்து. புற்றுநோயைக் கொல்லும், கூடவே இதயத்தையும் கெடுக்கும். அதைக் கொழுப்பு உறைக்குள் அடைத்தபோது இதயத்துக்குப் போகும் அளவு குறைந்தது. அமெரிக்காவில் 1995-இல் 'டாக்சில்' என்ற பெயரில் அனுமதி கிடைத்தது, புற்றுநோய்க்கான முதல் நானோ மருந்து என்று அதைத்தான் சொல்வார்கள். 2012-இல் அங்கே டாக்சிலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டு சன் பார்மா தயாரித்த 'லிப்போடாக்ஸ்' மருந்தை இறக்குமதி செய்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நானோ என்றாலே வெளிநாட்டில் ரகசியமாகக் கிடைப்பது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சித்திக்கு அது எல்லோரும் போகிற புற்றுநோய்ப் பிரிவில், எல்லோருக்கும் எழுதுகிற சீட்டில்தான் வந்தது. பக்கவிளைவும் உண்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்து தோல் உரியும். சித்தியைக் கேட்டால் சொல்வார்.

2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஊரெல்லாம் தேடி அலைந்தோமே, ஆம்ஃபோடெரிசின் ஊசி, அதிலும் லைப்போசோமல் வகை இதே நுட்பம்தான். பழைய ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், கொழுப்போடு சேர்த்தது அவ்வளவு செய்யாது. ஆக, இதுவரை புழக்கத்துக்கு வந்த நானோ மருந்துகள் பலவற்றில் கிடைத்த லாபம், தெரிந்த மருந்தை உடம்பு கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்படி செய்ததுதான். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. மருந்தைத் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்களைப் பார்க்கும் அறையில் வேலை செய்கிறேன்.

அப்படியானால் அக்காவுக்கு?

வயிற்றில் வளரும் புற்றுக்கட்டி அவசர அவசரமாக ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவற்றின் சுவரில் இடைவெளிகள் இருக்கும், நானோ துகள்கள் அதன் வழியே கசிந்து கட்டிக்குள் தங்கும். ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் இதை எழுதினார்கள், இந்தத் துறைக்கே அடித்தளம் அது. ஆனாலும் துகள் நேராகக் கட்டியைத் தேடிப் போவதாக யாரும் நம்ப வேண்டாம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் விலங்குகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடு அளவாக எடுத்தால், 0.7 சதவீதம். மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பொதுவாகக் கட்டிகளுக்கே நிலைமை இது.

மூளையின் ரத்தக்குழாய்கள் அப்படிக் கசியாது. அவற்றின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்தமாதிரி ஒட்டியிருக்கும். அதையும் மீறி ஏதாவது உள்ளே நுழைந்தால், அந்தச் செல்களிலேயே இருக்கும் பம்புகள் அதைத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடும். ஆரியங்காவு சோதனைச் சாவடியில் பால் வண்டியை நிறுத்திச் சோதித்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புகிறார்கள் அல்லவா, அந்த வேலையைத்தான் இந்தச் சுவர் நொடிக்கு நொடி செய்கிறது. ரத்தத்தில் வரும் நஞ்சிலிருந்து மூளையைக் காப்பது அதுதான். மருந்துக்கும் நஞ்சுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சிறிய மூலக்கூறு மருந்துகளிலேயே 98 சதவீதம் இந்தச் சுவரைத் தாண்டுவதில்லை என்பது துறையில் பலகாலமாகச் சொல்லும் கணக்கு. அக்கா சாப்பிட்ட டெமோசோலோமைடு தாண்டக்கூடிய சிலவற்றில் ஒன்று, அதனால்தான் இந்த நோய்க்கு அது நிலைத்தது. 2005-இல் வந்த பெரிய ஆய்வில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், கூடவே இந்த மாத்திரையும் எடுத்தவர்களில் 26.5 சதவீதம்.

'எம்.ஆர்.ஐ.யில் சாயம் ஏற்றினால் கட்டி பளிச்சென்று தெரிகிறதே, சாயம் போகிற இடத்துக்கு மருந்து போகாதா?' என்று அந்த நிலையத்தில் கேட்டிருக்கலாம், பலரும் கேட்கிறார்கள். சாயம் தெரிவது சுவர் உடைந்துபோன நடுப்பகுதியில். ஆபரேஷனில் எடுப்பதும் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான். கிளியோபிளாஸ்டோமாவின் செல்கள் அதைத் தாண்டி, சுவர் முழுசாக இருக்கும் நல்ல மூளைக்குள்ளும் வேர்விட்டிருக்கும். ஸ்கேனில் அவை பிடிபடாது, மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. எடுத்த இடத்தின் ஓரத்திலேயே கட்டி திரும்ப முளைப்பது அதனால்தான். உங்கள் டாக்டரின் ஆபரேஷனில் குறை இருந்ததா என்று, கடிதத்தில் இங்கே போடாத ஓரிடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். இந்த நோயின் சுபாவமே இது, அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

இந்தச் சுவரைத் தாண்டத்தான் உலகம் முழுக்க வேலை நடக்கிறது. நம்பிக்கை தரும் வேலை என்றே நான் சொல்வேன். சுவரிலேயே சத்துப் பொருள்கள் போய்வர வாசல்கள் உண்டு. பார்க்கின்சன் நோயில் டோபமைனை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது, லெவோடோபாவாகக் கொடுத்தால் அமினோ அமில வாசல் வழியாகப் போய்விடும். இரும்புச் சத்து போகும் வாசலைப் பயன்படுத்தி நொதியை மூளைக்குள் கொண்டுபோகும் மருந்துக்கு ஜப்பான் 2021-இல் அனுமதி கொடுத்தது. அது ஹண்டர் நோய் என்ற பரம்பரைக் கோளாறுக்கானது, புற்றுநோய்க்கு அல்ல. நானோ துகளின் மேல் அதே வாசலுக்கான சாவியை ஒட்டிப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

இன்னொரு வழி, சுவரையே கொஞ்ச நேரம் திறப்பது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், கட்டி திரும்பி வந்த 17 நோயாளிகளுக்கு மண்டையோட்டில் ஓர் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, நுண்குமிழிகளையும் ரத்தத்தில் செலுத்திச் சுவரைத் திறந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் செலுத்திய மருந்து, ஆல்புமின் புரதத்தோடு சேர்த்த பாக்ளிடாக்சல். மார்பகப் புற்றுநோய்க்காக அந்த மருந்தை நானே கலக்குகிறேன், அதனால் எனக்கு அதோடு தனி நெருக்கம். குப்பியில் பொடியாக வரும். உப்புநீரைக் குப்பியின் உட்சுவரில் படும்படி மெல்ல இறக்க வேண்டும், பொடியின் மேல் நேராக அடித்தால் நுரைத்துவிடும். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு மெதுவாகச் சுழற்றினால் பால்நிறத்தில் கலந்து வரும். சாதாரணமாக அது மூளைக்குள் போதுமான அளவு போகாது. சுவரைத் திறந்த பகுதியில் அந்த மருந்தின் அளவு ஏறக்குறைய 4 மடங்காக இருந்ததாக 2023-இல் வெளியிட்டார்கள். ஆனால் அது முதல் கட்டச் சோதனை. எவ்வளவு அளவு பாதுகாப்பு என்று பார்ப்பதற்கானது. எத்தனை பேர் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல அடுத்த கட்டங்கள் வேண்டும்.

தங்கத்துக்கும் வருகிறேன். உங்களிடம் காட்டிய 'வெளிநாட்டு ஆராய்ச்சி' எதுவென்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதே பல்கலைக்கழகத்தில் கட்டி திரும்பி வந்த 8 பேருக்கு, தங்க நானோ துகளின் மேல் மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. இழைகளைப் பொருத்தி, ரத்தக்குழாயில் ஊசியாகச் செலுத்தினார்கள். பிறகு ஆபரேஷனில் எடுத்த கட்டியில் தங்கம் இருந்தது. 2021-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது, சுவரை ஒரு துகள் தாண்டியது என்பது பெரிய செய்தி. அந்த நோயாளிகள் குணமானார்கள் என்று அந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை. அங்கே வேலை செய்ய வேண்டியது இழைகள், தங்கம் அவற்றைச் சுமந்து சென்றது, அவ்வளவுதான். உங்களுக்குத் தரும் சொட்டில் தங்கம் எதைச் சுமக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்துத் தங்க பஸ்பத்திலும் நானோ அளவுத் துகள்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் பஸ்பம் மூளைக் கட்டியைக் கரைக்கும் என்று ஆகிவிடாது.

மூக்கு வழியும் முழுப் பொய் இல்லை, அதுதான் சங்கடம். மூக்கின் மேற்கூரையில் இருக்கும் வாசனை நரம்புகளுக்கு மூளையோடு நேர்த் தொடர்பு உண்டு. எலியில் அந்தப் பரப்பு பெரிது, மனிதனில் மிகச் சிறியது. விட்ட சொட்டில் பெரும்பகுதி சளியோடு தொண்டைக்கு வடிந்து வயிற்றுக்குப் போய்விடும். மூக்கு வழியாக உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடியது ஒன்று இருக்கிறது: வலிப்புக்கான மிடசோலம் ஸ்ப்ரே. விலை அதிகமில்லை. வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளலாமா, எத்தனை அடிக்க வேண்டும் என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வலிப்பு வந்தால் அக்காவை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் நேரத்தைக் கடத்தாதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

அந்த நிலையம் 'இது ஆராய்ச்சி மருந்து' என்று திரும்பவும் சொன்னால், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் நம் நாட்டில் மருந்துச் சோதனைகள் எல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். உண்மையான சோதனையில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய தகவல் தாள் தருவார்கள், தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டுக்கு 2019-ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் காசு கேட்பது ஆராய்ச்சி ஆகாது. புற்றுநோயையும் மூளை நோய்களையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவர்கள் தந்த நோட்டீஸைப் பத்திரமாக வைத்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள். உங்களுக்குத் தெம்பு இருந்தால் மட்டும். இப்போது அக்காதான் முக்கியம்.

அந்தப் பணத்தையும் நேரத்தையும் எங்கே வைப்பது? கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து இரண்டாவது ஆபரேஷன் முடியுமா, மறுபடி ரேடியேஷன் கொடுக்கலாமா, லோமுஸ்டின் என்ற கீமோ மாத்திரை பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெவாசிசுமாப் ஊசி பற்றியும் சொல்லலாம். அது ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் வீக்கத்தைக் குறைத்து, டெக்ஸாமெத்தசோனின் அளவைக் குறைக்க உதவும். பேச்சும் நடையும் சிலருக்குக் கொஞ்ச காலத்துக்குத் தேறும். நம் நாட்டிலேயே தயாராவதால் விலையும் முன்பு போல இல்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை திருவனந்தபுரத்தில் செல்லுமா, எதற்குச் செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். உங்கள் பக்கத்துக் குடும்பங்கள் மலையைத் தாண்டி வந்து, பில் போடும் இடத்தில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

வலி, தூக்கம், வாந்தி, மலச்சிக்கல் இவற்றைப் பார்க்கும் தணிப்பு சிகிச்சையையும் இப்போதே தொடங்கலாம். கடைசி நாளுக்கு என்று அதை ஒத்திப்போட வேண்டாம், மற்ற சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கும். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா இருக்கிறது. உங்கள் ஊரிலேயே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வசதி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. மறைத்து வைத்திருப்பதாக நீங்கள் நினைத்தாலும், தலைவலி கூடுவதும் நீங்கள் வெளியே போய் போன் பேசுவதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. இந்த நோயில் போகப்போக பேச்சும் யோசனையும் தடுமாறலாம். இன்றைக்கு அவரால் தெளிவாகச் சொல்ல முடிகிறது: இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா, வீட்டில் இருக்க விரும்புகிறாரா, பிள்ளைகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று. இதையெல்லாம் அவருக்காக நீங்களும் மச்சானும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால் பிறகு அவரைக் கேட்கவே முடியாத நாள் வரும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. 'ஸ்கேன்ல என்ன வந்திருக்குன்னு டாக்டர்கிட்ட கேப்போமா அக்கா?' என்று தொடங்குங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே காட்டுவார். அடுத்த ரிவ்யூவில் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே கூட்டிப் போங்கள். டாக்டர் மலையாளத்தில் சொல்வது முழுதாகப் புரியவில்லை என்றால், தமிழ் தெரிந்த நர்ஸையோ சமூகப் பணியாளரையோ கூட இருக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், முதல் கேள்வியை அக்கா கேட்கட்டும்.